காற்று நின்ற நாள்களின் கணக்கு

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் முடிந்தது. கொண்டாட்டம் எதுவும் இல்லை. விசாவை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எண் வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அதுதான் படிவத்திலேயே இருக்கிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, என்னுடைய ஜெர்மனில் பதில் சொன்னேன்: "நான் தண்ணீரை வேகமாக ஓட வைக்கிறேன்."

தண்ணீர் ஓடுவதைக் கணக்கிடும் புரோகிராமை வேகமாக ஓட வைக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி, "குழாய் வேலையா?" என்றார். பக்கத்துக் கவுண்டரிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறொரு வருடமாக இருந்தால் இதை வைத்தே உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பேன், நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

இந்த வருடம் முடியவில்லை. நிஜமாகவே ஒரு குழாய் விஷயமாகத்தான் என் தூக்கம் போயிருக்கிறது. மரக்காணத்தில், எங்கள் கழிமுகத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் ஒரு குழாயைப் போட்டிருக்கிறார்கள். அதை எங்கே போடலாம் என்று சொன்னது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. அது தப்பு என்று எனக்குத் தெரிந்தபோது குழாயைப் புதைத்து மண் மூடியிருந்தார்கள். கழிமுகத்தை நம்பிப் பிழைக்கிறவள் என் சொந்த அக்கா.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படுவதற்கு இதில் நிறைய இருந்தது. இப்போதும் சொல்ல ஆரம்பித்தால் குரல் உயர்ந்துவிடுகிறது.

ஒரு அலை கரையில் உடைவதைப் பாருங்கள். பெரிய சுழல் ஒன்று சின்னச் சுழல்களாக உடையும், அவை இன்னும் சின்னதாக உடையும், விரல் நுனி அளவுக்கு, அதற்கும் கீழே. தண்ணீரின் கொந்தளிப்பைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்றால் அந்தக் கடைசிச் சுழல் வரைக்கும் பார்க்க வேண்டும். கடலைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நொடியின் துண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு. பத்து நாள் கடலைப் போட்டுப் பார்க்க, எங்கள் அலுவலகத்தின் பெரிய மெஷின் பதினோரு வாரம் எடுத்துக்கொள்ளும். நிஜக் கடலைவிட மெதுவாக ஓடும் கடல். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

நான் செய்தது இதுதான். பெரிய சுழல்களை மட்டும் கணக்குப் போடச் சொன்னேன். சின்னவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஏற்கெனவே முடித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான மெதுவான ஓட்டங்களைக் காட்டி மெஷினையே பழக்கினேன். பெரிய சுழல் இப்படி இருந்தால் அடியில் சின்னது இப்படித்தான் இருக்கும் என்று அது பார்த்ததும் சொல்லிவிடும். பதினோரு வாரம் நாற்பது நிமிடமாக ஆனது.

அன்றைக்கு என் குழுத் தலைவர் ஹன்னா முடிவுகளை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். எழுந்துபோய் எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தார். அவர் யாருக்கும் காபி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வேலைகள் குவிந்தன. ஒரு நாள் வந்த வரைபடத்தைத் திறந்தால் ஈசிஆர் ரோடு. அதற்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், பாத்தி பாத்தியாக உப்பளம், கழிமுகம். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். "என் ஊர்! இது என் ஊர்!"

கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலை ஒன்று அங்கே கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற கெட்டியான உப்புத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் கேள்வி. நூற்றுக்கும் மேலான இடங்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பழைய முறையில் அது ஒரு ஆயுள். நான் ஒரே வாரத்தில் முடித்தேன். ஆழ்கடலுக்குள் நீளமாகக் குழாய் போடவே தேவையில்லை என்றது கணக்கு. கரைக்குப் பக்கத்தில், அலையைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்கு உட்புறம், கழிமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் இடம். அங்கே விட்டால் உப்புத் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே கடலோடு கலந்து காணாமல் போகும்.

3

சுமதி அக்காவும் ஏழுமலை மாமாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மாமாவுக்குக் குத்தகையில் நாலு பாத்தி உண்டு. மழைக்காலம் வந்தால் பாத்தியில் வேலை இல்லை. அந்த நான்கைந்து மாதமும், அதற்குப் பிறகு பாத்தியில் உப்பு விளையும் வரையிலும், அக்கா உப்பங்கழியில் இறங்குவாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததை வாயில் கவ்விய பறிக்கூடையில் போட்டுக்கொள்வாள். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து கழிமுகம் வழியாக, தரையை ஒட்டியே கழிக்குள் ஏறும். வீட்டில் வருடத்தில் பாதி நாள் அடுப்பு எரிவது அந்தக் குஞ்சுகள் ஏறுவதால்தான்.

குழாய் வரப்போகிறது என்றதும் எல்லோரும் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். மாமா போன் செய்தார், குரலிலேயே துள்ளல்.

"ஏம்மா பாப்பா, கெட்டித் தண்ணியா விடப் போறானுங்க?"

"ஆமா மாமா. கடல் தண்ணிய விட ரெண்டு பங்கு உப்பு இருக்கும்."

"அடேங்கப்பா! நாங்க வெயில்ல போட்டு வாரக்கணக்கா காய வெச்சு ஏத்துற உப்ப அவன் மெஷின்லயே ஏத்தித் தர்றானா? கழிக்குக் கிட்டக்க விடச் சொல்லும்மா. ஒரு வாய்க்கா வெட்டினா பாத்திக்கே வந்துடும்."

வேறு எந்தக் கடற்கரையிலும் யாரும் இப்படி ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆலைக் கழிவுக்கு வரவேற்பு வைத்த ஊர் எங்களுடையதுதான். உப்பளக்காரர்களுக்குக் கெட்டித் தண்ணீர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அக்கா மட்டும் மாமாவிடமிருந்து போனைப் பிடுங்கிக் கேட்டாள். "அது கனமான தண்ணியாச்சேடி. அடியிலயே தங்கிடாதா?"

"தங்காதுக்கா. கடல் கலக்கிடும்."

"எப்பவுமா?"

"அதெல்லாம் பாத்தாச்சுக்கா. பத்து நாள் கடல நாப்பது நிமிஷத்துல பாக்குறோம். நீ கவலைப்படாத."

எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். பஸ் வந்துவிட்டது என்று போனையும் வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மீன்பிடிக்கிறவர்கள் சிலர் எதிர்த்தார்கள். மாமா, என் அறிக்கையில் இருந்த கலர்ப் படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மைக்கைப் பிடித்து, "இது வெள்ளக்காரன் போட்ட கணக்கு இல்லீங்க. என் மச்சினிச்சி போட்டது. இதே கழியில குளிச்சு வளந்த பொண்ணு. தப்பா சொல்லுமா?" என்றாராம். கை தட்டினார்களாம். எதிர்த்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்களாம். வீடியோவை எனக்கு அனுப்பினார். நான் அதை ஹன்னாவுக்குக் காட்டி, மொழிபெயர்த்துச் சொல்லி, பூரித்துப் போனேன்.

4

தை மாதக் கடைசியில் ஊரில் பருவம் தவறி ஒரு மழை. அடுத்த நாள் அக்கா வீடியோ காலில் வந்தாள். அங்கே மதியம், எனக்குக் காலை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பாத்தியில் முதல் தண்ணீர் ஏற்கெனவே நின்றிருந்தது, அதன்மேல் மழைத் தண்ணீர். மாமா மதகின் மேல் பலகையை மட்டும், சத்தமே வராமல், உருவிக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீருக்கு மேலேயே மிதக்கும். அதை மட்டும் மெல்ல வடித்துவிட்டால் அடியில் கெட்டித் தண்ணீர் கெடாமல் இருக்கும். அது வடிகிற வரைக்கும் பாத்தியில் யாரும் கால் வைக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வரப்பிலிருந்து இறங்கப் பார்த்தது.

"ஏய், நாயத் தொரத்துங்க! எறங்கிச்சுன்னா ரெண்டு தண்ணியும் கலந்துடும்!" என்று அக்கா கத்த, மாமா பலகையை விட்டுவிட்டு லுங்கியை மடித்துக்கொண்டு ஓட, நாய் அவரைவிட வேகமாக வரப்பு மேலேயே ஓட, நான் பஸ் நிறுத்தத்தில் தனியாகச் சிரித்தேன். ஒரு ஜெர்மன் தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"காத்து இல்ல, அதனால பரவால்ல," என்றாள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு. "காத்து இருந்தா நேத்தே கலந்து போயிருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? படிக்கட்டில் இல்லாத ஒரு படிக்குக் காலை வைத்த மாதிரி. பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அலுவலகத்துக்குப் போய் மெஷினைப் பழக்கிய ஓட்டங்களின் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் ஜெர்மனிக் கடலை வைத்துப் போட்டவை. இங்கே காற்று நிற்பது அபூர்வம். ஆனாலும் சில நூறு ஓட்டங்களில் சுழல்கள் தாமாகவே அடங்கிப்போயிருந்தன. கனமான தண்ணீர் அடியிலும் லேசானது மேலேயும் இருந்து, காற்றும் இல்லை என்றால் அப்படி ஆகும். கொந்தளிப்பு செத்துவிடும். அந்த ஓட்டங்களைக் காட்டினால் என் மெஷின் தடுமாறியது. பூச்சியத்தால் வகுக்கிற மாதிரி எண்கள் வெடித்தன. பழக்க நாலு மடங்கு நேரம் ஆனது. அதனால் அவற்றைத் தனியே தூக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தேன், பிறகு பார்க்கலாம் என்று. ஃபோல்டருக்குப் பெயர் வைக்க யோசிக்கவில்லை. ஆங்கில எழுத்தில் "செத்தது" என்று அடித்துவிட்டேன்.

பிறகு பார்க்கவில்லை. அலுவலகத்தில் என் புரோகிராமைப் பரிசோதித்தவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் அந்தச் சொல் புரியாது. ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

ஆக, என் மெஷினுக்கு அசையாத தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. காற்று நின்ற நாளைக் காட்டினாலும், சுழலே இல்லாத இடத்தில் தன் பழக்கத்தில் சுழலைப் போட்டுக் கலக்கிவிடும். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நூற்றுக்கும் மேலான இடங்களில் இந்த ஓர் இடத்தை அது ஏன் தேர்ந்தெடுத்தது? கற்களுக்கு உட்புறம், ஊரிலேயே அதிகம் அசையாத தண்ணீர். எங்கே அது அதிகம் பொய் சொன்னதோ அந்த இடம்தான் காகிதத்தில் எல்லாவற்றையும் விடச் சுத்தமாக வந்து நின்றது.

5

ஹன்னாவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. செத்த ஓட்டங்களையும் சேர்த்துத் திரும்பப் பழக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒரு வாரம் போனது, ஒரு தடவை உப்பு தங்கும் என்றது, மறுதடவை தங்காது என்றது.

"இனி வேகமான எதையும் யாரும் நம்பமாட்டார்கள்," என்றார் ஹன்னா. "மெதுவானதைப் போடு. முழுக் கட்டங்களோடு. காற்று இல்லாத பத்து நாள்."

பெரிய மெஷினை எனக்காகக் காலி செய்து கொடுத்தார். அன்றே ஆரம்பித்தேன். பதினோரு வாரம். சித்திரை தாண்டிவிடும்.

ஆலைக்கு எழுதினேன். திருத்தப்பட்ட முடிவு இருந்தால் முழு அறிக்கையாக அனுப்பவும், சந்தேகத்தை அறிக்கையாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அரசு இணையதளத்தில் மனு போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பச்சை எழுத்து இன்றுவரை அப்படியே இருக்கிறது. மாசி நடுவில் சோதனை ஓட்டம் என்று தேதி குறித்துவிட்டார்கள்.

அக்காவிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது. சொன்னபோது வார்த்தைகள் கோணலாக வந்தன. 'மாடல்', 'டேட்டா', 'வேலிட் இல்ல' என்று என்னென்னவோ.

"ஆபீஸ்ல பேசற மாதிரி பேசாதடி. எங்கிட்ட சொல்லு."

"அக்கா, அன்னிக்கு நீ கேட்டியே, அடியில தங்கிடாதான்னு. தங்கும். காத்து இல்லன்னா தங்கும்."

மாமா காதில் விழாமல் அக்கா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எத்தினி நாள் காத்து நிக்கணும்?"

"மூணு நாள், நாலு நாள் தொடர்ந்து நின்னா கழிமுகத்துக்குள்ள தவழ்ந்து வந்துடும்னு நெனைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியல."

"வந்தா?"

"அடித் தண்ணிக்கு மூச்சுக் காத்து எறங்காதுக்கா. தரையோட ஏறுற குஞ்சு தாங்காது."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

நான் எழுதி அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள், மாமாவுக்குச் சொல்லாமல். அங்கே இருந்த எழுத்தர் கடிதத்தையும் பழைய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம்.

"ஏம்மா, ரெண்டுலயும் ஒரே பேரு போட்டிருக்குது?"

"ரெண்டும் என் தங்கச்சிதாங்க."

"மொதல்ல சரின்னு எழுதிச்சு, இப்ப தப்புன்னு எழுதுது. நாளைக்கு மறுபடி சரின்னு எழுதுனா நான் எங்க போறது?"

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமாவுக்குத் தெரிந்ததும் நேராக எனக்குப் போன் செய்தார். "ஏம்மா பாப்பா, ஊரக் கூட்டி வெச்சு மைக்குல பேசிட்டேன். இப்பப் போயி என் மச்சினிச்சிக்குக் கணக்கு தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா மாமா. அப்படியே சொல்லுங்க. எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க."

"போம்மா. அங்க குளிருல உக்காந்துகினு பயந்துகிட்டு கெடக்குற. நீ மொதல்ல போட்டதுதான் சரி." வாய்க்கால் வெட்ட ஆள் சொல்லியாயிற்று என்றும் சொன்னார். அவர் என்னை அவ்வளவு நம்புகிறார்.

6

இப்போது என் நாள்கள் இப்படிப் போகின்றன. காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலை பெரிய மெஷினின் திரையைத் திறப்பது. ஒரு நாள் முழுக்க மெஷின் ஓடினால் என் திரைக் கடலில் மூன்று மணி நேரம் நகர்கிறது. குழாய் வாயிலிருந்து சிவப்பு நிறம் ஒரு நாக்கு மாதிரி எட்டிப் பார்க்கிறது. உப்பின் அளவுக்கு நான்தான் சிவப்பு வைத்தேன், நீலம் வைத்திருக்கலாம். அது மேலே எழவில்லை. தரையோடு படுத்துக்கொண்டு, முந்தின நாளைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

எதையும் வேகப்படுத்திப் பழகியவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது பெரிய தண்டனை. முதல் வாரம் சும்மா இருக்க முடியாமல் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் பாதி நேரத்தில் முடியும் என்று கண்டுபிடித்தேன். விரல் கீபோர்டு வரைக்கும் போனது. ஹன்னா பின்னால் நின்றிருந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வேகமான கணக்கு எங்கள் ஊரோடு நிற்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ கடற்கரைக்கு, ஆற்று வாய்க்குப் போயிருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்து, அங்கே காற்று நிற்கும் நாள் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் பதில் போடவில்லை.

மாசி நடுவில், சொன்ன தேதியில், குழாயைத் திறந்தார்கள். மாமா படம் அனுப்பினார். பந்தல், மாலை, நாலைந்து கார். கடல் பளபளவென்று இருந்தது. நான் படத்தில் பார்த்தது தென்னை மட்டைகளைத்தான். ஆடிக்கொண்டிருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அன்று முதல் அக்காவைத் தினமும் காலையில் கூப்பிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை. "காத்து?" என்று கேட்பேன். "இருக்குது," என்பாள். வைத்துவிடுவோம். ஐந்தாறு நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள், "கம்மியா இருக்குது," என்றாள். அடுத்த நாள், "இல்ல." அதற்கு அடுத்த நாளும், "இல்ல."

இன்று அவளே கூப்பிட்டாள். எனக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான், அலுவலகத்தில் அப்போதுதான் திரையைத் திறந்திருந்தேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரும் பேசவில்லை, காக்கை கூடக் கத்தவில்லை.

"எங்கக்கா இருக்குற?"

"கழியிலதான். எறங்கி நிக்கிறேன்."

"காத்து?"

"மூணு நாளாச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்குது." "பாப்பா, இடுப்புல சில்லுனு இருக்குதுடி. கால் கிட்ட வெதுவெதுன்னு இருக்குது. மழ பெஞ்ச பாத்தியில கை வுட்டா அடியில சுடுமே, அந்த மாதிரி."

லேசான தண்ணீருக்குக் கீழே கெட்டித் தண்ணீர் படுத்திருந்தால் வெயிலின் சூடு மேலே வர வழியில்லாமல் அடியிலேயே தங்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இறால் இருக்குதாக்கா?"

"காலையிலேருந்து தடவுறேன். ஒண்ணும் கையில தட்டல. நண்டு மட்டும் கரை மேல ஏறி வந்து நிக்குது, வரிசையா."

"அக்கா, நீ மேல ஏறு மொதல்ல."

"ஏறுறேன் இரு." தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது. "நீ புதுசா போடுறியே மெதுவா ஒண்ணு, அது என்ன சொல்லுது?"

திரையைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன்.

"அது இன்னும் மூணாவது நாளுக்கே வரலக்கா."